சர்ச் ஹாலில் 5 பவுண்டுக்கு மளிகை: போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கணவருக்கு கேர் ஹோமில் வேலை, 2023 கடைசியில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தீர்கள், இரண்டு பிள்ளைகள், வாடகையும் கரண்ட் பில்லும் போக மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. பக்கத்துத் தெரு சர்ச் ஹாலில் வாரம் 5 பவுண்டு கட்டினால் 20 பவுண்டுக்கு மேல் பெறும் மளிகை கிடைக்கும் என்று பிள்ளையின் ஸ்கூல் வாசலில் ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். அது நிஜமா, கெட்டுப்போன சாமானா, மதம் மாற்றுவார்களா, விசாவுக்கு ஏதாவது வருமா என்று நான்கு கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசியில் "ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் உங்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் இங்கே ஒரு சூப்பர்மார்க்கெட் டிப்போவில் சரக்கு வரவுப் பிரிவில் 11 வருஷம் வேலை பார்த்தவள். அப்புறம் 9 வருஷமாக வியாழக்கிழமைதோறும், நீங்கள் சொல்கிற மாதிரியான ஒரு சர்ச் ஹால் பேன்ட்ரியில் (வாரக் கட்டணத்துக்கு மளிகை தருகிற இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன். நான் கிறிஸ்தவள் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் சாமான் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதில் நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். விசாவில் எல்லோருக்கும் பொதுவான விதியை மட்டும்தான் சொல்வேன். உங்கள் விசாவில் தனிச் சிக்கல் ஏதாவது இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் போய்க் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் நிறைய பேர் பட்டினி கிடக்கிறார்கள். உங்கள் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். அரசு உதவித்தொகை எதையும் வாங்கக் கூடாது என்று அர்த்தம். ஆனால் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்றால் அரசாங்கம் கொடுக்கிற எல்லாமும் இல்லை, குடியேற்ற விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் டாக்ஸ் சலுகை, கவுன்சில் வீடு எல்லாம் அதில் உண்டு. ஒரு தொண்டு அமைப்போ சர்ச்சோ தருகிற சாப்பாட்டுச் சாமான் அதில் இல்லை. அவசரத்துக்குச் சாமான் சும்மா கொடுக்கிற ஃபுட் பேங்க்கும் இல்லை, பேன்ட்ரியும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் என்.எச்.எஸ். என்கிற அரசு வைத்தியமும்கூட அதில் சேராது. எனவே பேன்ட்ரியில் உறுப்பினர் ஆனால் விசா நீட்டிக்கும்போது கேள்வி வரும் என்று யாராவது சொன்னால் அது தவறு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தவறு. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் வேறு. தெரியாமல் சைல்டு பெனிஃபிட் ஃபாரத்தையோ கவுன்சில் டாக்ஸ் சலுகை ஃபாரத்தையோ நிரப்பிவிடாதீர்கள். யாராவது நல்ல மனசோடு "இதையும் போட்டு வையுங்கள்" என்று சொல்லலாம், அவர்களுக்கு உங்கள் விசா விவரம் தெரியாது.

சரி, அடுத்தது, 5 பவுண்டுக்கு எப்படி 20 பவுண்டு சாமான் கொடுக்க முடியும் என்பது. சந்தேகம் வருவது நியாயம்தான். டிப்போவில் இருந்தபோது நான் தினமும் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லாரி நிறைய தயிர் வரும். கடைக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு, பொருளின் ஆயுளில் பெரும்பகுதி மிச்சம் இருந்தால்தான் டிப்போவுக்குள்ளேயே விடுவார்கள். தயிருக்கு மூன்று வாரம் ஆயுள் என்றால், வழியில் லாரி கெட்டுப்போய் நான்கு நாள் தாமதமாக வந்தாலே திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தத் தயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இன்னும் இரண்டு வாரம் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கடை அலமாரிக்குப் போகாது. இதே மாதிரி லேபிளில் ஒரு எழுத்துப் பிழை, பழைய டிசைன் பாக்கெட், மழை பெய்ததால் விற்காமல் போன பார்பிக்யூ சாமான், ஈஸ்டர் முடிந்த மறுநாள் மிஞ்சிய சாக்லேட் முட்டை, யாரோ ஒரு ஸ்டோர் மேனேஜர் 10 பெட்டிக்குப் பதில் 100 என்று தட்டிவிட்ட ஆர்டர். இதையெல்லாம் கொட்டினால் கொட்டுவதற்கும் காசு கட்ட வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம், பெயரும் நல்ல பெயர்.

இப்படி மிஞ்சுவதைச் சேகரித்துப் பிரித்துக் கொடுக்கவே இங்கே அமைப்புகள் இருக்கின்றன. பெரியது ஃபேர்ஷேர். 1994ல் கிரைசிஸ் என்ற தொண்டு அமைப்பும் செயின்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட்டும் சேர்ந்து தொடங்கியது, 2004லிருந்து தனி அமைப்பு. அவர்கள் பேன்ட்ரிகளுக்கு முழுக்கச் சும்மா கொடுப்பதில்லை, வண்டிக்கும் குளிர்சாதனக் கிடங்குக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குவார்கள். நீங்கள் கட்டுகிற 5 பவுண்டு அங்கேதான் போகிறது, மிச்சத்தில் நாங்கள் பிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்போம், எண்ணெய், டீத்தூள் மாதிரி உபரியில் வராத சாமானைக் கடையில் வாங்கி வைப்போம். ஹாலுக்குப் பெரும்பாலும் வாடகை இல்லை, சர்ச் கட்டடம். மேஜைக்குப் பின்னால் நிற்கிற யாருக்கும் சம்பளம் இல்லை. மிஞ்சின சரக்கு, வாடகையில்லாத இடம், சம்பளமில்லாத கை, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த விலைக்குக் கட்டுபடியாகும், அதில் மாயம் எதுவும் இல்லை. மூன்றில் ஒன்று குறைந்தால் ஆட்டம் காணும். எங்கள் ஹாலில் ஒரு குளிர்காலம் ஹீட்டர் பில் கட்ட முடியாமல் ஆறு வாரம் மூடி வைத்தோம்.

கெட்டுப்போன சாமானா என்பதற்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். இந்த நாட்டுப் பாக்கெட்டில் இரண்டு விதத் தேதி போட்டிருப்பார்கள். 'யூஸ் பை' என்று இருந்தால் அது பாதுகாப்புக்கான தேதி. இறைச்சி, மீன், கழுவி வெட்டி வைத்த சாலட் மாதிரியானவற்றில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் விற்கக் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது, சட்டமே அப்படி. நீங்களும் முகர்ந்து பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று சாப்பிடக் கூடாது, ஏனென்றால் கெடுதல் செய்கிற கிருமிக்கு வாசனை இருக்க வேண்டும் என்று இல்லை. 'பெஸ்ட் பிஃபோர்' என்று இருந்தால் அது ருசிக்கான தேதி. அரிசி, பாஸ்தா, பிஸ்கட், டின், பருப்பு இதிலெல்லாம் இருக்கும். அது தாண்டினாலும் கொடுக்கலாம், சாப்பிடலாம், பிஸ்கட் கொஞ்சம் மொறுமொறுப்பு குறையும், அவ்வளவுதான். பேன்ட்ரியில் 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டின சாமான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். 'யூஸ் பை' தாண்டின சாமான் ஒன்றே ஒன்று மேஜையில் கண்டாலும் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். அடிக்கடி கண்டால் அந்த இடத்துக்குப் போகவே போகாதீர்கள். இன்னொன்று, 'யூஸ் பை' இன்று முடிகிற கோழியை இன்று ராத்திரிக்குள் ஃப்ரீசரில் போட்டுவிட்டால் அது வீணாகாது. வெளியில் எடுத்துப் பிரிட்ஜில் வைத்து உறை இளகினதும் 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள். எங்கள் ஹாலில் வருகிற இறைச்சியில் பாதி அப்படித்தான் வருகிறது. வீட்டு ஃப்ரீசரில் இடம் இருந்தால் உங்களுக்கு லாபம்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றாலும், மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாத வீடு என்றாலும் லேபிள் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். சில தயிர் வகையிலும் பிள்ளைகள் கேட்கிற மிட்டாயிலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், சூயட் என்றால் மாட்டுக் கொழுப்பு, சில பேஸ்ட்ரியில் லார்டு என்று பன்றிக் கொழுப்பு போட்டிருப்பார்கள். சைவ சூயட்டும் உண்டு, பாக்கெட்டில் அப்படியே எழுதியிருக்கும். மேஜையில் நிற்கிறவரைக் கேளுங்கள், ஆனால் அவர் தலையாட்டினாலும் நீங்களும் ஒரு தரம் படியுங்கள். பிள்ளைக்கு வேர்க்கடலை, பால் மாதிரி ஏதாவது ஒவ்வாமை இருந்தால் முதல் நாளே பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தெரியாத இடம் என்றால்தானே தயக்கம். வாசலில் ஒரு மேஜை, பெயரும் முகவரியும் கேட்பார்கள். முகவரிக்கு ஒரு கடிதமோ பில்லோ போதும். சில இடங்களில் குறிப்பிட்ட போஸ்ட்கோடு ஆட்களுக்கு மட்டும்தான், சில இடங்களில் வருமானம் பற்றி ஒரு கேள்வி இருக்கும், பல இடங்களில் அதுவும் இல்லை. காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம். எங்களிடம் சாமான் மூன்று நிறத் தட்டுகளில் இருக்கும். பச்சைத் தட்டில் டின், பாஸ்தா மாதிரி சாதாரணச் சாமான், ஆறு எடுக்கலாம். மஞ்சளில் சீஸ், எண்ணெய், காப்பி, சோப்புத்தூள், மூன்று எடுக்கலாம். சிவப்பில் இறைச்சி, பெரிய பாக்கெட் மாதிரி விலை கூடினது, ஒன்று. காய்கறியும் பிரெட்டும் கணக்கில் சேராது, தேவைப்படுவதை எடுத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் இதே கணக்கு இல்லை. ஆனால் நாட்டில் 100க்கு மேல் கிளை உள்ள 'யுவர் லோக்கல் பேன்ட்ரி' என்ற அமைப்பிலும் இதே மாதிரி வாரக் கட்டணம், உறுப்பினர் அட்டை, தானே தேர்ந்தெடுப்பது என்றுதான் இருக்கும். அது மான்செஸ்டர் பக்கம் ஸ்டாக்போர்ட்டில் ஒரு வீட்டுவசதி அமைப்பு ஆரம்பித்தது, அப்புறம் சர்ச் ஆக்‌ஷன் ஆன் பாவர்ட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுபோனது.

அந்தத் 'தானே தேர்ந்தெடுப்பது' என்பதுதான் பேன்ட்ரியின் உயிர். ஒரு தடவை ஒரு முழுப் பெட்டி வெண்டைக்காய் வந்து இறங்கியது. வந்தவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்கள், என்ன செய்வது என்றே தெரியவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அதுவரை மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாமல் வந்து போனவர், தன் பையை வைத்துவிட்டு ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துக் காட்டினார். ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் விளக்கிவிட்டார். கழுவித் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவக் கூடாது என்பதையும் கையாலேயே காட்டினார். பெட்டி அரை மணி நேரத்தில் காலி. இப்போது அவர் வியாழக்கிழமை காய்கறி மேஜையில் என் பக்கத்தில் நிற்கிறார். ஆளுக்கு ஒரு பையைக் கட்டி வாசலில் நீட்டியிருந்தால் அந்த வெண்டைக்காய் பாதி குப்பைக்குப் போயிருக்கும், அந்த அம்மாவும் இன்னும் பேசாமல்தான் வந்து போய்க்கொண்டிருப்பார்.

'20 பவுண்டு பெறும்' என்ற கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் நோட்டீஸிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது பொய் இல்லை, அந்தச் சாமானைக் கடையில் வாங்கினால் அந்த விலைதான் ஆகும். ஆனால் நீங்கள் அதைக் கடையில் வாங்கியிருப்பீர்களா? 4 பவுண்டு விலையுள்ள ஆலிவ் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தால் 4 பவுண்டு மிச்சமானது என்று ஆகாது, நம் வீட்டில் ஆலிவ் யார் சாப்பிடுகிறார்கள். நம் சமையலுக்கு வேண்டிய துவரம்பருப்பு, புளி, புழுங்கலரிசி பேன்ட்ரியில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டும். வருவது என்னவென்றால் பால், தயிர், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பிரெட், கொண்டைக்கடலை டின், தக்காளி டின், பிள்ளைகளுக்கு சீரியல், சில வாரம் ஒரு பாக்கெட் பாஸ்மதி. நான்கு வாரம் ஒரு காரியம் செய்து பாருங்கள். எடுத்து வந்ததில் எப்படியும் வாங்கியிருப்பீர்கள் என்கிற சாமானை மட்டும் எழுதி, நீங்கள் வழக்கமாகப் போகிற ஆல்டி, லிடில் விலையைப் பக்கத்தில் போடுங்கள். கட்டின 5 பவுண்டைக் கழியுங்கள். எங்கள் ஹாலுக்கு வருகிற நம் ஆட்கள் சிலரோடு உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறேன், வாரம் 7லிருந்து 10 பவுண்டு வரை நிஜமாக மிச்சமாகும் என்று வந்தது. ஐந்தாறு பேர் கணக்குதான், உங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி வரலாம். மாதம் 30, 40 பவுண்டு என்பது இரண்டு பிள்ளைகளுக்குக் குளிர்காலச் செருப்பு, சின்னத் தொகை இல்லை.

மதம் மாற்றுவார்களா என்று கேட்டீர்கள். பெரும்பாலான இடங்களில் இல்லை. பிரிட்டனில் ஃபுட் பேங்க்குகளைப் பெரிய அளவில் வளர்த்தது டிரஸல் என்ற அமைப்பு, அதை ஒரு கிறிஸ்தவத் தம்பதி 1997ல் ஆரம்பித்தார்கள். முதலில் பல்கேரியாவில் தெருவோரப் பிள்ளைகளுக்காக வேலை செய்தார்கள், 2000ல் சாலிஸ்பரியில் முதல் ஃபுட் பேங்க் போட்டார்கள். பெரும்பாலும் சர்ச்சுகள் மூலம்தான் நடக்கிறது, ஆனாலும் எந்த மதத்துக்காரரானாலும், மதமே இல்லாதவரானாலும் ஒரே மாதிரிதான் என்பது அவர்கள் கொள்கை. எங்கள் ஹாலில் சுவரில் சிலுவை இருக்கிறது, ஒரு மூலையில் பைபிள் வைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் பிரார்த்தனை செய்வோம் என்று ஒரு சின்ன அட்டை இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை, இந்த 9 வருஷத்தில் என்னையும் யாரும் கேட்டதில்லை. ஆனால் எல்லா இடமும் அப்படி என்று சத்தியம் பண்ண மாட்டேன். முன்பு நான் உதவிக்குப் போன வேறொரு இடத்தில் சாமான் பைக்குள் பிரசங்க நோட்டீஸை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பசித்தவன் பையில் இதை வைக்காதீர்கள், வேண்டுமென்றால் மேஜையில் வையுங்கள், எடுப்பவர் எடுக்கட்டும் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார், ஆனால் மாற்றினார். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, சாமானுக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடுகிறார்களா என்பது. ஆராதனைக்கு வந்தால்தான் அட்டை, பைபிள் வகுப்புக்கு வந்தால் கூடுதல் பொருள் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காப்பி கொடுத்து உட்கார்ந்து பேசச் சொன்னால் அது மதமாற்றம் இல்லை, இந்த ஊரில் தனிமை பெரிய வியாதி, பேச ஆள் வேண்டும் என்றுதான் பாதிப் பேர் வருகிறார்கள்.

இதை ஏன் சர்ச்சுகள் செய்கின்றன என்றால், அவர்கள் வேதத்திலேயே அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு, சிந்தின கதிரைப் பொறுக்காதே என்று கட்டளை இருக்கிறது. விற்கிற முறையும் புதிதில்லை. 1888ல் லண்டன் லைம்ஹவுஸில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு மலிவு விலைச் சாப்பாட்டுக் கடை திறந்தது, பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் சூப் கால் பென்னி. சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் குனிய வேண்டியிருக்கும், ஒரு சின்னக் காசு வாங்கினால் நிமிர்ந்து நிற்பான் என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிற எண்ணம். 1983ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு கத்தோலிக்க டீக்கன் (பாதிரியாருக்கு அடுத்த நிலை ஊழியர்) தொடங்கிய ஷேர் என்ற திட்டம் இன்னும் ஒரு படி போனது. கொஞ்சம் பணம் கட்ட வேண்டும், மாதம் இரண்டு மணி நேரம் ஏதாவது ஊர் வேலை செய்து கொடுக்க வேண்டும், அதற்கு மளிகை. சுவிட்சர்லாந்தில் காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு 1992ல் பாசெலில் திறந்த மலிவு விலைக் கடை இன்று பல ஊர்களில் இருக்கிறது. குறைந்த வருமானத்துக்கான அட்டை காட்டினால் போதும், அங்கே இருக்கிற நம் ஆட்களுக்கு அது தெரிந்த கடைதான்.

கெட்ட உதாரணமும் ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் 'இதில் ஏமாற்று ஏதாவது' என்று தொட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மன்ரோ என்ற சின்ன ஊரில் 1994ல் ஒரு போதகர் குடும்பம் ஏஞ்சல் ஃபுட் மினிஸ்ட்ரீஸ் என்று ஆரம்பித்தது. பக்கத்து ஆலைகள் மூடி வேலை போன 34 குடும்பங்களுக்காகத் தொடங்கியது, பின்னால் 40க்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவி, உச்சத்தில் மாதம் 5 லட்சம் குடும்பங்களுக்கு மேல் வாங்கின. 30 டாலர் கட்டினால் 60 டாலர் அளவுக்குப் பெறும் பெட்டி, சர்ச் வாசலில் மாதம் ஒரு சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 2009ல் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது, 2011 செப்டம்பரில் கடையை மூடினார்கள், 2013ல் நிறுவினவரும் மகனும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அமைப்பின் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததுதான் வழக்கு. இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், ஊர் ஊராகச் சர்ச் வாசலில் பெட்டி இறக்கின ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, வாங்கின குடும்பங்களும் கொடுத்த காசுக்குச் சாமான் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். கெட்டது தலைமைக் கணக்கில். ஒரு குடும்பத்தின் கையில் மொத்தக் காசும் போய், கேட்க ஆள் இல்லாமல் போன இடத்தில்தான் அது நடந்தது. அதனால் உங்கள் பக்கத்து ஹாலில் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: சாமான் எங்கிருந்து வருகிறது, கணக்கை யார் பார்க்கிறார்கள். நேர்மையான இடத்தில் இதற்கு ஒரு நிமிஷத்தில் பதில் வரும், சந்தோஷமாகவும் சொல்வார்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்கிற சாரிட்டி கமிஷன் இணையதளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டும் தேடலாம். ஆனால் பெயர் இல்லை என்றதும் ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள், சின்னச் சர்ச்சுகள் பலவற்றுக்கு அங்கே பதிவு செய்வதிலிருந்து விலக்கு உண்டு. மாதக்கணக்கில் முன்பணம் கேட்டாலோ, பாங்க் விவரமும் பாஸ்போர்ட் நகலும் கேட்டாலோ கொடுக்காதீர்கள், வாரக் கட்டணம் வாங்க இரண்டுமே தேவையில்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. ஊரில் உங்கள் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லையா? என் அம்மா நின்றார்கள், பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவும் அதே வரிசையில் நின்றார்கள். கார்டு எல்லோர் வீட்டிலும் இருந்தது, அதனால் யாரும் யாரையும் பார்த்துக் குனிய வேண்டியிருக்கவில்லை. பருப்பு வந்துவிட்டதா, பாமாயில் போடுகிறார்களா என்று தெருவில் சத்தமாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் வராத வெட்கம் இங்கே வருவதற்குக் காரணம், இங்கே நாம் வந்தது சம்பாதிக்க, வாங்குவதற்கு இல்லை என்று நமக்குள் ஓர் எண்ணம். எங்கள் ஹாலுக்கு வருகிறவர்களில் நர்ஸ் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார், ஸ்கூலில் மதியச் சாப்பாடு பரிமாறுகிற ஒரு பெண் இருக்கிறார், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். உங்கள் கணவர் ராத்திரி ஷிஃப்டில் இந்த ஊரின் வயதானவர்களைத் தூக்கி உட்கார வைக்கிறார், அதே ஊரில் மிஞ்சின தயிரை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இதில் யாருக்கும் யாரும் கடன்படவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மளிகை எந்தக் கடையில் வாங்கினேன் என்று வாராவாரம் யாரும் மாமியாருக்கு போன் செய்து சொல்வதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பேன்ட்ரியை நம்பி மாதச் செலவுத் திட்டம் போடாதீர்கள். உபரி என்பது வந்தால் வரும். கடைகள் ஆர்டர் போடுவதில் கெட்டிக்காரர்கள் ஆக ஆக மிஞ்சுவது குறையும், சில வியாழக்கிழமை எங்களுக்கே தட்டு நிரம்புவதில்லை. வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்கிறது என்றால் அதை வெங்காயமும் கேரட்டும் சரிசெய்யாது. பிள்ளைகள் விஷயத்தில் உங்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் ரிசப்ஷன் (இயர் 1க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம், விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லண்டனில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுவதுக்கும் இப்போது இலவசம். பெரிய வகுப்பு என்றாலும், பப்ளிக் ஃபண்ட்ஸ் நிபந்தனை உள்ள குடும்பங்கள் வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் விண்ணப்பிக்கலாம், அதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வராது. ஸ்கூல் ஆபீஸில் கேளுங்கள், வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்று ராத்திரிக்கே வீட்டில் சாப்பாடு இல்லை என்கிற நிலை வந்தால் பேன்ட்ரிக்குப் போகாதீர்கள், அது ஃபுட் பேங்க் வேலை. அங்கே காசு இல்லை, மூன்று நாளைக்குக் குறையாத அளவு சாமான் கட்டிக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒரு சீட்டு வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், பிள்ளையின் ஸ்கூல், உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்), சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற ஹெல்த் விசிட்டர் நர்ஸ், இவர்களில் யாரிடமும் கேட்கலாம். பக்கத்தில் சீக்கியர்களின் குருத்வாரா இருந்தால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்காருங்கள், யாரென்று கேட்காமல் சாப்பாடு போடுவார்கள்.

மற்றபடி இந்த வாரமே போய்ப் பாருங்கள். திறக்கிற நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போனால் காய்கறி நன்றாக இருக்கும். முகவரிக்கு ஒரு கடிதம், 5 பவுண்டு சில்லறை, கட்டைப்பை இரண்டு. ஃப்ரீசர் சாமான் எடுத்தால் சுற்றுவதற்கு ஒரு பழைய துண்டு. முதல் நாள் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஸ்கூல் வாசலில் சொன்ன அந்த அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள், அவர் உங்களிடம் சொன்னதே அதற்காகத்தான் இருக்கும்.